குரோனோகிராஃப் வாட்சும் பின்னல் ஊசியும்: வாங்கும்போது எதைப் பார்க்கிறீர்கள்?

கண்ணிஎண்ணி:

வணக்கம். எனக்கு இரண்டு கிறுக்கு உண்டு. ஒன்று குரோனோகிராஃப் வாட்ச் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்தது), இன்னொன்று நிட்டிங். இந்த இரண்டும் சேர்ந்து பிடித்தவர்கள் இங்கே இன்னும் சிலர் இருப்பது தெரியும். அதனால் ஒரே இழையில் கேட்டுவிடுகிறேன்.

வாட்ச் பற்றி: இப்போது கட்டுவது சீகோவின் விகே64 இயந்திரம் பொருத்திய மெக்காகுவார்ட்ஸ். நேரம் ஓடுவது பேட்டரியில். நிறுத்திய பிறகு கீழ்ப்பொத்தானை அழுத்தினால் முள் பூஜ்யத்துக்குப் பாய்ந்து திரும்புவது மட்டும் நெம்புகோல் வேலை. அடுத்து ஒரு முழு மெக்கானிக்கல் குரோனோ வாங்க ஆசை. பொத்தான் வேலைக்கு உள்ளே தூண் சக்கரம் இருந்தால்தான் குரோனோ, கேம் வைத்ததெல்லாம் மட்டம் என்று பல பேர் சொல்கிறார்கள். கையில் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

ஊசி பற்றி: 4 மி.மீ. வட்ட ஊசி (இரண்டு முனையையும் கேபிள் இணைப்பது) ஒன்று நல்லதாக வேண்டும். மூங்கிலா, உலோகமா? தனித்தனியாக வாங்குவதா, முனை மாற்றிக்கொள்ளும் செட்டாக வாங்குவதா?

பிராண்ட் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் ஏன் என்றும் சொல்லுங்கள்.


பழையசாவி:

முதல் கேள்விக்குப் பதில்: தெரியும், ஆனால் எல்லோரும் சொல்கிற அளவுக்கு இல்லை.

தூண் சக்கரம் என்பது மேல்பக்கம் கோட்டைச் சுவர் மாதிரி பல் நிற்கும் ஒரு சின்னச் சக்கரம். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அது ஒரு படி சுழலும். நெம்புகோலின் மூக்கு தூணின் மேல் நின்றால் ஒரு நிலை, இரண்டு தூணுக்கு நடுவே விழுந்தால் இன்னொரு நிலை. கேமில் அதே வேலையை, முன்னும் பின்னும் அசையும் ஒரு வெட்டுத்தகடு செய்கிறது. தகடு அடித்து எடுக்கச் சுலபம், சரிசெய்யவும் சுலபம். 1970களின் நடுவில் எட்மோன் காப்ட் வடிவமைத்து வந்த ஸ்விஸ் இயந்திரமான வால்ஜூ 7750 கேம் வகைதான். இன்றைக்கும் மெக்கானிக்கல் குரோனோ என்றால் பலர் கையில் அதுவோ அதன் வாரிசோதான் ஓடுகிறது. மட்டமான சரக்கு இவ்வளவு காலம் தாங்காது.

வித்தியாசம் பொத்தானில்தான். 7750-இல் தொடங்க அழுத்தும்போது கொஞ்சம் கெட்டியாக இருந்து, பிறகு சட்டென்று விடும். நல்ல தூண் சக்கரத்தில் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே அழுத்தம் போதும். ஆனால் சரியாக எண்ணெய் போடாத தூண் சக்கரத்தைவிட நன்றாகச் சரிசெய்த கேம் எவ்வளவோ மேல்.

நிட்டிங் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் நூல் சுற்றிக் கொடுப்பதோடு சரி.


மூங்கில்ஊசி:

வாட்ச் பேச்சை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஊசிக்கு வருகிறேன்.

முதலில் என்ன நூல் என்று சொல்லுங்கள். நூலைச் சொல்லாமல் ஊசியைக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. செதில் உள்ள சாதாரணக் கம்பளி நூல் தானாகவே ஒட்டிப் பிடிக்கும், அதற்கு வழுக்கும் உலோக ஊசி சரி. பட்டு, விஸ்கோஸ், மெர்சரைஸ் செய்த பருத்தி எல்லாம் தானாகவே வழுக்கும். அதை உலோகத்தில் ஏற்றினால், போனை எடுக்கக் கை நீட்டுவதற்குள் நான்கு கண்ணி நழுவி விழுந்திருக்கும். அங்கே மூங்கில்தான்.

குளோவர் தகுமி ஊசியில் எனக்குப் பிடித்தது, முனையிலிருந்து கேபிள் சேரும் இடம் வரை நூல் எங்கேயும் தட்டாமல் போவது. மலிவான வட்ட ஊசிகள் எல்லாம் தோற்பது அந்த மூட்டில்தான். கண்ணிகளை கேபிளிலிருந்து ஊசிக்கு மேலேற்றும்போது ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டி வந்தால், ஸ்வெட்டர் முடிவதற்குள் வெறுத்துவிடும்.


செவ்விழை:

நான் உலோகக் கட்சி. சியாகூவின் சிவப்பு கேபிள் வைத்த ஸ்டீல் ஊசி. காரணம் இரண்டு. ஒன்று, கேபிள் சுருண்டு நிற்காது. பெட்டியிலிருந்து எடுத்த உடனே நேராகிவிடும், வெந்நீரில் முக்கி நிமிர்த்துகிற வேலை இல்லை. இரண்டு, முனை கூர்மை. மூன்று கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பின்னும் லேஸ் வேலையில் மொட்டை முனையை வைத்துக்கொண்டு குத்திக் குத்திப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் கூர்முனைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தளர்வாக முறுக்கிய ஒற்றை இழை நூலாக இருந்தால், கண்ணிக்குள் போக வேண்டிய முனை நூலையே இரண்டாகப் பிளந்துவிடும். அந்த நூலுக்கு மொட்டை முனைதான் நல்லது.

செட் விஷயம்: முனை மாற்றும் செட்டில் திருகு தளர்ந்து, இடைவெளியில் நூல் மாட்டும். சாவிக்கம்பியை வைத்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களுக்கு 4 மி.மீ. ஒன்றுதான் வேண்டும் என்றால் எதற்குச் செட்? தனியாக ஒன்று வாங்குங்கள். அடிக்கடி அளவு மாற்றிப் பின்னுகிறவர்களுக்குத்தான் செட் லாபம்.


கேள்விக்குறி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் 6 என்று அச்சடித்த பழைய ஊசி இருக்கிறது. அதுதான் 4 மி.மீ.யா?


செவ்விழை:

அமெரிக்க ஊசியாக இருந்தால் 6 என்பது 4 மி.மீ. பழைய பிரிட்டிஷ் ஊசியாக இருந்தால் 6 என்பது 5 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற மெலியும். ஊசி அளவுத் தகட்டின் ஓட்டையில் விட்டுப் பாருங்கள், அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள்.


நொடிமுள்:

பழையசாவி சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் தெரிவதில் தூண், கேம் சண்டையைவிட கிளட்ச் பெரிய விஷயம்.

பழைய பாணி கிடைமட்ட கிளட்சில், பொத்தானை அழுத்தும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பல் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து குரோனோ சக்கரத்தோடு கோத்துக்கொள்ளும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் மோதினால் நொடி முள் தொடங்கும்போதே ஒரு துள்ளு துள்ளும். செங்குத்து கிளட்சில் இரண்டு வட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று அழுந்திச் சேர்ந்து சுழல்வதால் முள் வழுக்கிக்கொண்டு கிளம்பும். 1969-இல் வந்த சீகோ 6139-இல் தூண் சக்கரமும் இருந்தது, செங்குத்து கிளட்சும் இருந்தது. அதில் தனி நொடி வட்டம் கிடையாது. அதனால் பலர் குரோனோவை எப்போதும் ஓடவிட்டே கட்டுவார்கள்.

அந்த 1969 ஒரு தனிக் கதை. தானே சாவி ஏறும் குரோனோவை முதலில் கொண்டுவந்தது யார் என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஜெனித் தன் எல் பிரிமேரோ இயந்திரத்தை ஜனவரியில் அறிவித்தது. ஹோயர், பிரைட்லிங், ஹாமில்டன் கூட்டணி காலிபர் 11 இயந்திரத்தை மார்ச்சில் காட்டியது. சீகோ சத்தமே போடாமல் 6139-ஐ மே மாதம் ஜப்பானில் விற்கத் தொடங்கிவிட்டது. என் ஓட்டு சீகோவுக்கு. அறிவிப்பைக் கையில் கட்டிக்கொள்ள முடியாது.


கண்ணிஎண்ணி:

நூல் கேட்டீர்கள், மூங்கில்ஊசி அக்கா. சூப்பர்வாஷ் மெரினோ கம்பளி, டிகே தடிமன் (நடுத்தரம்). வடிவக்குறிப்பு 10 செ.மீ.க்கு 22 கண்ணி கேட்கிறது.

நொடிமுள், எல் பிரிமேரோ பத்தில் ஒரு நொடி அளக்கும் என்கிறார்களே, அது நிஜமா, விளம்பரமா?


நொடிமுள்:

நிஜம்தான். மணிக்கு 36,000 துடிப்பு என்றால் நொடிக்கு 10. முள் நொடிக்குப் பத்து தடவை அடி எடுத்து வைக்கிறது. 7750 மணிக்கு 28,800, அதாவது நொடிக்கு 8. சீன இயந்திரமான சீகல் எஸ்டி19 மணிக்கு 21,600, நொடிக்கு 6.

வேடிக்கை என்னவென்றால், நொடிக்கு 8 தடவை நகரும் முள்ளை வைத்துக்கொண்டு டயலில் ஐந்தில் ஒரு பங்கு கோடு போட்டிருப்பார்கள். முள் அந்தக் கோட்டின் மேல் ஒழுங்காக நிற்கவே முடியாது. அதைக் கவனித்த நாளிலிருந்து டயல் பார்த்தால் நான் முதலில் கோட்டைத்தான் எண்ணுவேன். கொஞ்சம் கிறுக்குத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பத்தில் ஒரு நொடி உங்களுக்கு எதற்கு என்று கேட்டால், விரல் அவ்வளவு துல்லியமாக அழுத்தாது. அழகுக்காக வாங்கலாம்.


மூங்கில்ஊசி:

சூப்பர்வாஷா! அப்படியென்றால் ஊசியை விடுங்கள், முதலில் மாதிரித் துண்டு பின்னித் தண்ணீரில் போடுங்கள். சூப்பர்வாஷ் என்பது குளோரின் கொண்டு கம்பளியின் செதிலை அரித்து, மேலே மெல்லிய பாலிமர் பூசியது. செதில் இல்லாததால் இழைகள் ஒன்றையொன்று பிடிப்பதில்லை, நனைந்தால் தொங்கி நீளும். நனைக்காத துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி இருந்தது, நனைத்துக் காயவைத்த பிறகு 20 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 220 கண்ணி போட்ட ஸ்வெட்டர் 100 செ.மீ. சுற்றளவுக்குப் பதில் 110 வரும். உள்ளே இன்னொருவரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நூலும் வழுக்கும் ரகம். என் ஓட்டு மூங்கிலுக்கு.

இன்னொன்று: அதே 4 மி.மீ.தான் என்றாலும் உலோகத்தில் உங்கள் கை தளர்வாகவும் மூங்கிலில் இறுக்கமாகவும் பின்னலாம். மாதிரித் துண்டு எந்த ஊசியிலோ, ஸ்வெட்டரும் அதே ஊசியில். பாதியில் ஊசியின் பொருளை மாற்றினால் மாறிய இடத்தில் வரி விழும்.


செவ்விழை:

மூங்கில்ஊசி எழுதியது: "இந்த நூலும் வழுக்கும் ரகம். என் ஓட்டு மூங்கிலுக்கு."

இறுக்கமாகப் பின்னுகிறவராக இருந்தால் சூப்பர்வாஷையும் உலோகத்தில் தாராளமாகப் பின்னலாம் அக்கா. இறுக்கக் கைக்கு மூங்கில் கொடுத்தால் கண்ணி ஊசியைக் கவ்விக்கொண்டு நகரவே நகராது. நூலை மட்டும் பார்த்தால் போதாது, கையையும் பார்க்க வேண்டும்.


மூங்கில்ஊசி:

அது சரி. கண்ணிஎண்ணி, உங்கள் கை எப்படி?


கண்ணிஎண்ணி:

இறுக்கம்தான். வரிசை முடிந்து திருப்பும்போது முதல் கண்ணியில் ஊசியை நுழைக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.


மூங்கில்ஊசி:

அப்படியென்றால் செவ்விழை சொல்வதைக் கேளுங்கள்.


வரிசை99:

சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு பொழுதுபோக்கும் சேரும் இடத்தை யாரும் சொல்லவில்லையே! டாக்கிமீட்டர் வளையத்தை வைத்துப் பின்னல் வேகத்தை அளக்கலாம்.

டாக்கிமீட்டர் என்பது 3600-ஐ நொடியால் வகுத்த கணக்கு. மணிக்கு எத்தனை என்று காட்டும். கார் வேகத்துக்கு மட்டும்தான் என்று விதி எதுவும் இல்லை. முதல் கண்ணி தொடங்கும்போது மேல் பொத்தான், 10 கண்ணி முடிந்ததும் மறுபடி மேல் பொத்தான். முள் 20-ஆவது நொடியில் நின்றால் வளையத்தில் 180 இருக்கும். பத்தால் பெருக்கினால் மணிக்கு 1800 கண்ணி. ஒரு முழு வரிசையை அளக்கப் போனால் 60 நொடியைத் தாண்டிவிடும், அதற்கு மேல் வளையத்தில் அளவு கிடையாது. அதனால் பத்துப் பத்தாக அளப்பதுதான் வசதி.

இப்படி அளந்து பார்த்தால் மூங்கிலா உலோகமா என்ற சண்டைக்கும் உங்கள் கையளவிலாவது முடிவு கிடைக்கும்.

வரிசை எண்ணவும் வாட்ச் உதவும். 12 மணி வளையம் சுழலும் குரோனோ வைத்திருந்தால், 12 வரிசைக்கு ஒருமுறை திரும்ப வரும் லேஸ் வடிவத்துக்கு வரிசைக்கு ஓர் எண் நகர்த்திக்கொண்டே போகலாம். ஊசியில் கோக்கும் உருளை எண்ணி எனக்கு ஒத்துவரவில்லை, ஒரு பக்கம் கனக்கிறது, தானாகவும் உருள்கிறது. கட்டைவிரலால் தட்டும் கிளிக்கர் பரவாயில்லை.


நொடிமுள்:

டாக்கிமீட்டரை இப்படிப் பயன்படுத்தி நான் கேள்விப்பட்டதே இல்லை. குரோனோவை வாங்கி ஒருநாள்கூடப் பொத்தானைத் தொடாதவர்கள் நடுவில் நீங்கள் தெய்வம்.


கேள்விக்குறி:

என் மெக்கானிக்கல் குரோனோ சில வாரமாக ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடுகிறது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதுதானா?


பழையசாவி:

அவசரப்படாதீர்கள் தம்பி. திடீரென்று இவ்வளவு வேகம் என்றால் முதலில் காந்தத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். வாட்சின் துடிப்பை ஆளும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால் துடிப்பு வேகமாகும்.

ஒரு திசைகாட்டியை மேசையில் வைத்து, வாட்சை அதன் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திசைகாட்டி முள் வாட்சோடு சேர்ந்து ஆடினால் அதுதான். நீங்களும் பின்னுகிறவரா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.


கேள்விக்குறி:

ஆமாம் சார், புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். முள் நன்றாகவே ஆடுகிறது. காரணம் என்ன?


செவ்விழை:

நான் சொல்லட்டுமா? மணிக்கட்டில் மாட்டும் காந்தப் பட்டை!

கண்ணிக் குறி வளையங்கள், தையல் ஊசி எல்லாம் சிதறாமல் ஒட்டி நிற்க மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்களே, அதுதான். வடிவப்படத்தை வைக்கும் பலகையிலும் வரிசையைக் காட்டக் காந்தக் கம்பி இருக்கும். இரண்டில் ஒன்று உங்களிடம் இருக்குமே?


கேள்விக்குறி:

இரண்டுமே இருக்கிறது அக்கா. பட்டையை வாட்ச் கட்டும் கையில்தான் போடுகிறேன்.


பழையசாவி:

நினைத்தேன். என் வீட்டில் அந்தப் பலகையும் என் வாட்ச் பெட்டியும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறோம்.

பயப்பட ஒன்றுமில்லை, காந்தம் இறக்குவது சில நொடி வேலை. மாறுமின்சாரம் ஓடும் சுருளின் மேல் வாட்சை வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே வாட்சை மெதுவாகத் தூரம் கொண்டுபோய், அப்புறம் பொத்தானை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டுவிட்டால் மறுபடி காந்தம் ஏறிவிடும். வாட்ச் பழுது பார்க்கும் யாரிடமும் இந்தக் கருவி இருக்கும். இதற்காக வாட்சைப் பிரிக்க வேண்டியதில்லை. யாராவது முழு சர்வீஸ் செய்தாக வேண்டும் என்றால் இன்னோர் இடத்தில் கேளுங்கள்.

காந்தத்தைத் தாங்கும் என்று முத்திரை போட்ட வாட்சுக்குக்கூட ஐஎஸ்ஓ 764 என்ற சர்வதேசத் தரம் கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர் அளவுதான். மேசையில் கிடக்கும் காந்தத்துக்கு அது போதும். தோலோடு ஒட்டி, வாட்சுக்கு விரற்கடை தூரத்தில் மணிக்கணக்காக இருக்கும் நியோடிமியம் காந்தத்துக்குப் போதாது. சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் இருந்தால் கவலை குறைவு. கண்ணிஎண்ணியின் மெக்காகுவார்ட்ஸைக் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மோட்டார் நின்றுபோகலாம், எடுத்துவிட்டால் மறுபடி ஓடும். நின்ற நேரத்தைத் திருத்தி வைத்தால் போதும்.


வரிசை99:

பட்டையை வலது கைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பின்னும்போது வாட்சைக் கழற்றி வையுங்கள். இடது கையில் நூல் பிடிக்கும் கான்டினென்டல் பாணிக்காரர்கள் எப்படியும் கழற்றித்தான் ஆக வேண்டும். மோஹேர் நூல் பொத்தானுக்கும் உறைக்கும் நடுவில் மாட்டினால் இழை இழையாக உருவி எடுக்க வேண்டியிருக்கும்.


கண்ணிஎண்ணி:

நல்ல வேளை, வாங்குவதற்கு முன்னால் படித்தேன். என்னிடமும் அந்தப் பலகை இருக்கிறது. வரிசையைக் காட்ட இனி ஒட்டுத்தாள் நாடா போதும்.

வாட்ச் முடிவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. 7750 பொத்தானின் கெட்டித்தனம் எனக்குப் பரவாயில்லை, தடிமன்தான் யோசிக்க வைக்கிறது. இயந்திரம் மட்டுமே 7.9 மி.மீ., உறையோடு சேர்த்தால் ஸ்வெட்டரின் கைக்குள் நுழையாது. கையால் சாவி கொடுக்கும் எஸ்டி19 பக்கம் மனம் சாய்கிறது.


நொடிமுள்:

நல்ல தேர்வு. அது பழைய ஸ்விஸ் வீனஸ் 175-இன் வழி வந்தது, அதன் கருவிகளைச் சீனா 1960களின் தொடக்கத்தில் வாங்கியது. தூண் சக்கரம், கிடைமட்ட கிளட்ச். பின்பக்கம் கண்ணாடி இருந்தால் நெம்புகோல்கள் நகர்வதை அப்படியே பார்க்கலாம். சுழலும் எடை இல்லாததால் மெலிதாகவும் இருக்கும். முள் தொடங்கும்போது துள்ளினால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், அந்த கிளட்சின் குணம் அது.

சரிபார்க்க வேண்டியது ஒன்று. பூஜ்யத்துக்குத் திருப்பும்போது முள் ஒவ்வொரு முறையும் நேர் மேலே நிற்கிறதா என்று பலமுறை அழுத்திப் பாருங்கள்.


பழையசாவி:

அந்தத் திருப்பும் வேலையைச் செய்வது இதய வடிவத்தில் ஒரு சின்னத் தகடு. அடோல்ஃப் நிக்கோல் 1844-இல் காப்புரிமை வாங்கியது. அந்த இதயம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், மேலே சுத்தியல் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குத்தான் வரும். இன்றைக்கு வரை அதைவிடச் சுலபமான வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப்பொத்தானை அழுத்தாதீர்கள். ஓடும்போதே பூஜ்யத்துக்குத் திருப்ப விடும் ஃபிளைபேக் வகைக்கு மட்டும்தான் அது. மற்றதில் முதலில் நிறுத்தி, அப்புறம் திருப்ப வேண்டும். பின்னல் வேகம் பார்க்கிற சுவாரசியத்தில் மறந்துவிடப் போகிறீர்கள்.


செவ்விழை:

தடி வாட்ச் கட்டுகிறவர்களுக்குப் பின்னும்போது நான் இடது கை முனையில் மட்டும் 4 கண்ணி கூட்டிவிடுவேன். இரண்டுக்கு இரண்டு ரிப் (இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என மாறி மாறிப் பின்னும் இழுபடும் ஓரம்) என்றால் 4-இன் மடங்காக இருக்க வேண்டும், அதனால் அந்த எண். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.


கண்ணிஎண்ணி:

ஆகா, இது எனக்குத் தோன்றவே இல்லை. வடிவக்குறிப்பில் கைமுனைக்கு 48 இருக்கிறது. எஸ்டி19 மெலிதுதான், அப்படியும் இடது கைக்கு 52 போடட்டுமா, 48 போதுமா?


செவ்விழை:

52 போடுங்கள். 48-இல் பின்னினால் வாட்ச் நுழையும். ஆனால் மணிக்கட்டை மடக்கும் போதெல்லாம் ரிப் இறுக்கி மேல் பொத்தானை அழுத்தி, நீங்கள் கேட்காமலேயே குரோனோ ஓடத் தொடங்கிவிடும். சூப்பர்வாஷ்தானே, நனைந்து கொஞ்சம் தளரட்டும், அப்புறம் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு ஓரத்தை முடியுங்கள்.